பெண் கொடுத்த ஊரில் ஒரு கூத்து

2023 மே 12, வெள்ளி: வேலூர்

வேலூரில் நோயாளி இல்லாமல் அறை கேட்பது பெரிய சங்கடம். மதுரை பஸ்ஸிலிருந்து காலை ஏழு மணிக்கு இறங்கியவன், பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் விடுதி விடுதியாக ஏறி இறங்கி, ஒன்பதரைக்குத்தான் பையைக் கீழே வைத்தேன். எல்லா வாசலிலும் முதல் கேள்வி ஒன்றே: "பேஷண்ட் யார்?" யாருமில்லை, ஊர் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் மேலும் கீழும் பார்த்தார்கள். கத்திரி வெயிலில் வேலூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவனையே பேஷண்ட் கணக்கில் சேர்த்துவிடலாமா என்று ஒரு விடுதிக்காரர் யோசித்தது அவர் முகத்தில் தெரிந்தது.

கிடைத்த அறை நாளுக்கு ஐந்நூறு ரூபாய். மூலையில் ஒரு சமையல் மேடை, அதில் முன்பு தங்கியிருந்தவர்கள் விட்டுப்போன கடுகெண்ணெய் வாடை. சுவரில் வங்காளம், இந்தி, தமிழ் என்ற வரிசையில் ஓர் அறிவிப்பு: அறைக்குள் மீன் வறுக்கக் கூடாது. பக்கத்து அறையில் மீன் வறுபட்டுக்கொண்டிருந்தது. அங்கே தங்கியிருப்பவர் மனைவியின் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர். கதவைத் திறந்து என்னைப் பார்த்தவர், அறிவிப்பைக் கையால் காட்டிச் சிரித்தார். எனக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. மீன் வாசனை இருவருக்கும் பொது.

மதியச் சாப்பாடு கேழ்வரகுக் களி. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அம்மாள் நடத்தும் மெஸ். களி உருண்டை இருபது ரூபாய், கருவாட்டுக் குழம்பு நாற்பது. குழம்பில் கிடந்த கத்திரிக்காயின் காம்பில் முள் குத்தியது. இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய். இந்த ஆண்டுதான் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. அந்த அம்மாளிடம் அதைச் சொன்னேன். "அப்படியா? விலை ஏறாமல் இருந்தால் சரி" என்றார். நான் களியை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும், மெல்லுவது சோற்றுக்காரர்களின் பழக்கம் என்று எல்லோர் முன்னாலும் பாடம் நடத்தினார். நான் சரியாக விழுங்கும் வரை அங்கிருந்து நகரவே இல்லை.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பட்டியல் உண்டு. (அதில் இன்னும் சில உருப்படிகளும் உண்டு. ஊருக்குள் இருந்துகொண்டு எழுதத் தக்கவை அல்ல.) சாமி திரும்பிவிட்டார், 1981-ல் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள் மறுபடி லிங்கத்தை வைத்துவிட்டார்கள். கோட்டை அகழியில் தண்ணீரும் நின்றது. 1806-ல் சிப்பாய்கள் புரட்சி செய்த மதில்களின் ஓரத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மலைக்கு மட்டும் இன்னும் மரம் வந்தபாடில்லை. பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தப் பாறைகள் இரவு பத்து மணிக்கும் ஊர்மேல் ஊற்றிக்கொண்டிருக்கின்றன. மின்விசிறி அதை வாங்கி எனக்குத் தருகிறது.

நான் வந்தது வேலூருக்காக அல்ல, வள்ளிமலைக்காக. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நாடகம் பார்த்தே வளர்ந்தவன் நான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்ததை ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் விடிய விடியப் பாடுவார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் தொடங்கினால் கூட்டத்தில் பாதி தூங்கும், பபூன் வந்தால் எழுந்துகொள்ளும். அத்தனை இரவுகளிலும் வள்ளி தினைப்புனம் காத்த மலையைப் படுதாவில்தான் பார்த்திருக்கிறேன். பச்சை மலை, நீல அருவி, ஒரு மயில், கீழே வலது மூலையில் வரைந்தவரின் பெயர். நாளைக்கு அசலைப் பார்க்கப் போகிறேன்.

மே 13, சனி: வள்ளிமலை

அசலில் அருவி இல்லை. மயிலும் கண்ணில் படவில்லை. குரங்குகள் இருந்தன.

காட்பாடியைத் தாண்டியதும் பஸ் மாந்தோப்புகளுக்குள் புகுந்தது. பொன்னையாறு அவ்வப்போது தலை காட்டியது, முழுக்க மணலாக. வள்ளிமலை அடிவாரத்தில் இறங்கும்போது பத்தேகால். டீக்கடைத் தொலைக்காட்சியில் கர்நாடகத் தேர்தல் முடிவுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தமிழில் கர்நாடகத்தைப் பற்றி ஐந்து பேர் சண்டையிட்டார்கள். பூக்கடை அம்மாள் மட்டும் என்னைக் கவனித்தார். "இப்போது ஏறினால் கால் வெந்துவிடும், நைனா. விடியற்காலையில் வந்திருக்க வேண்டும்" என்றார். சொல்லிவிட்டு ஒரு முழம் பூவை முப்பது ரூபாய்க்கு விற்றார். ஏற வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும், பூவும் விற்க வேண்டும். இரண்டையும் அவர் ஒரே மூச்சில் செய்தார்.

படிகளின் ஓரத்தில் நிழல் கிடைத்த இடமெல்லாம் நின்று நின்று ஏறினேன். மேலே பாறையைக் குடைந்த கோயில், உள்ளே வள்ளி தெய்வானையோடு முருகன். அங்கே காற்று வேறு, குளிர்ச்சி வேறு. தேனும் தினைமாவும் இங்கே நைவேத்தியம். வள்ளி கிழவருக்குக் கொடுத்ததாயிற்றே. ஒரு கை கிடைத்தது. தினைமாவு தொண்டையில் ஒட்டிக்கொண்டு விக்கல் வந்தது. கதையில் கிழவருக்கும் தினைமாவு தின்றுதான் விக்கல் வருகிறது. நாடகத்தில் அதை இத்தனை காலமும் நடிப்பு என்றே நினைத்திருந்தேன். வெறும் தினைமாவைத் தின்றால் யாருக்கும் அதுதான் கதி.

விக்கலுக்குத் தண்ணீர் கொடுத்த இளைஞர், வெயில் படாத சுனை ஒன்று இருப்பதாகச் சொல்லிக் கூட்டிப்போனார். வள்ளி ஆலோலம் பாடிய பாறை, மஞ்சள் அரைத்த இடம், யானையாக வந்த விநாயகர் அப்படியே மலையாகிப்போன இடம் என்று வழியெல்லாம் விரலை நீட்டினார். யானை எனக்குப் பிடிபடவில்லை. "இங்கிருந்து பார்க்காதீர்கள், பஸ்ஸிலிருந்து பார்க்க வேண்டும்" என்றார்.

மலையின் இன்னொரு பக்கத்தில் சமணக் குகைகள். பாறைமுகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கங்க மன்னன் இராசமல்லன் பெயர் சொல்லும் கன்னடக் கல்வெட்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக உணர்ச்சியே காட்டாமல் உட்கார்ந்திருப்பவர்களின் எதிரில், வேர்த்து விறுவிறுத்து, ஒரு கையில் தினைமாவும் மறு கையில் செருப்பும் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரே மலையில் ஆசையை விட்டவர்களும் இருக்கிறார்கள், ஆசைப்பட்டுக் கிழவேஷம் போட்டவரும் இருக்கிறார். கூட்டம் யார் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இறங்கும் வழியில் வள்ளிமலை சுவாமிகளின் ஆசிரமம். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர், திருப்புகழைக் கேட்டு மயங்கி, அதையே ஊர் ஊராகப் பாடிப் பரப்பினார். ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைக்காரத் துரைகளுக்கு எலுமிச்சம்பழம் கொடுக்கப் போகிறவர்களைத் திருத்தணிப் படிகளுக்குத் திருப்பிவிட்டவரும் அவர்தான். அவருடைய சமையலைப் பற்றி யாராவது எழுதியிருக்கக் கூடாதா என்று பசியோடு நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்குத் திரும்பி வேலூர் போயிருக்க வேண்டியவன். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் நோட்டீஸ் நிறுத்திவிட்டது. பக்கத்து ஊரில் அம்மன் திருவிழா. இன்று இரவு ஒன்பது மணிக்கு "வள்ளி திருமணம்", தெருக்கூத்து. இன்னார் இன்னார் பந்தல் உபயம், இன்னார் விடியற்காலை டீ உபயம். விடியற்காலை டீக்கே ஒரு உபயதாரர் இருக்கிறார் என்றால் அது கடைசி வரை நடக்கிற கூத்துதான். டீக்கடைக்காரரிடம் வழி கேட்டேன். "மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது கேட்பான், அறுபது கொடுங்கள்" என்றார். ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார். எண்பது கொடுத்தேன்.

மே 13 இரவு (எழுதுவது ஞாயிறு காலை ஆறரைக்கு, பள்ளிக்கூடத் திண்ணையில்)

ஒன்பது மணிக் கூத்து பத்தே முக்காலுக்குத் தொடங்கியது. அது வரை பையன்கள் மைக்கில் ஒருவர் மாற்றி ஒருவர் "ஹலோ, செக்" சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மேடை கிடையாது. தென்னங்கீற்றுப் பந்தல், நான்கு மூங்கில், மேலிருந்து கயிற்றில் தொங்கும் மைக். பின்னால் ஒரு பெஞ்சு, அதில் ஹார்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை. முகவீணை பார்க்க நாகசுரத்தின் பேரப்பிள்ளை மாதிரி இருக்கிறது, சத்தமோ தாத்தாவை மிஞ்சுகிறது. சுற்றி மூன்று பக்கமும் பாய், கோணி, தலையணை, தூங்கிப்போன குழந்தைகள். நான் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்த ஒரு கிழவி தன் பாயில் நகர்ந்து இடம் விட்டார். ஊரே அவரை ஆயா என்றது. "எந்த ஊர் நைனா?" மதுரை என்றேன். "அவ்வளவு தூரத்திலிருந்து கூத்துக்காகவா?" மலைக்கு வந்தேன், நோட்டீஸ் பார்த்து நின்றுவிட்டேன் என்றேன். அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். பத்து ரூபாய்ப் பொட்டலம். அதில் முக்கால்வாசியை நான்தான் தின்றேன்.

கூத்து என்றால் எனக்குத் தெரிந்தது பாரதக் கூத்துதான். பழைய வட ஆர்க்காட்டின் செய்யாறு பக்கத்துப் புரிசையிலிருந்து கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் வெளியூர்களுக்கெல்லாம் கொண்டுபோன அந்தப் பாணியை நகர அரங்கு ஒன்றில், மெத்தை நாற்காலியில் பார்த்திருக்கிறேன். கிரீடமும் புஜக்கட்டையுமாகத் துரியோதனன் சுழன்றால் அரங்கம் மூச்சடைத்து உட்கார்ந்திருக்கும். இங்கே யாரும் மூச்சடைக்கவில்லை. கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் பந்தலுக்குள் நுழைந்து இன்னும் வாய் திறக்கவில்லை, அதற்குள் ஒரு பெண் குரல், "போன வருடம் வாங்கிப்போன வேட்டி எங்கே?" என்றது. "அதைக் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன், அத்தை. உள்ளே இருக்கிறது. காட்டட்டுமா?" என்றார் அவர். கூத்து தொடங்கிவிட்டது.

இரண்டு பேர் திரைச்சீலையைப் பிடித்தார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால்கள். முருகன் திரைக்குள்ளிருந்தே விருத்தம் பாடினார், கனமான, அழகான குரல். திரை விலகியதும் எங்கள் பக்கமாக இருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கே ஆயா முகவாயில் கை வைத்து, "கொஞ்சம் இளைத்துவிட்டான்" என்றார்.

அதன் பிறகு கட்டியங்காரன் கேட்ட கேள்விகளை என்னால் முடிந்த அளவு எழுதி வைத்திருக்கிறேன். தாங்கள் யார், எந்த நாடு என்று கேட்பது கூத்தின் மரபு. வேஷக்காரர் அதற்குத் தம் பெருமையைப் பாட வேண்டும். முருகன் பாடினார். கட்டியங்காரன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, விசாரணையைத் தொடங்கினார்.

"சொந்த வீடு உண்டா?"

"ஆறு படைவீடு உண்டு."

"பட்டா யார் பேரில்?"

முருகன் விழித்தார்.

"முகம் ஆறு என்கிறீர்கள். ஆதார் ஒன்றா, ஆறா? ரேஷனில் ஆறு பேருக்குச் சர்க்கரை வாங்கினீரா, உண்மையைச் சொல்லும்." "மயிலுக்கு லைசென்ஸ் உண்டா?" "ஏற்கெனவே கல்யாணம் ஆனவர் என்று கேள்வி. மூத்த சம்சாரம் கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கிறதா?"

ஒவ்வொரு கேள்விக்கும் கூட்டத்திலிருந்து துணைக் கேள்விகள் வந்தன. சம்பளம் என்ன என்று ஒருவர். குடிப்பாரா என்று ஒரு பெண். முருகனாக வேஷம் கட்டியவர் கலங்காமல் ஒவ்வொன்றுக்கும் ஓரடி பாட்டில் பதில் சொன்னார். தாளக்காரர் அடக்க முடியாமல் சிரித்ததில் ஓரிடத்தில் தாளமே நின்றுபோயிற்று.

எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே பட்டது. சாமியை இப்படியா என்று ஆயாவிடம் கேட்டேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "உங்களுக்குச் சாமி. எங்களுக்கு மாப்பிள்ளை. பெண் கொடுத்தவர்கள் கேட்க மாட்டார்களா?" என்றார். பிறகு, "கேட்காமல் கொடுத்ததால்தான் இப்படி" என்று முணுமுணுத்தார். அது வள்ளியைப் பற்றியா, தம் மகளைப் பற்றியா என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

வேங்கை மரக் காட்சியை எழுதியே ஆக வேண்டும். வேடனாக வந்த முருகன் வள்ளியிடம் மான் கேட்டுக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது அவள் தகப்பன் நம்பிராசன் வந்துவிடுகிறார். முருகன் உடனே வேங்கை மரமாகிறார். எங்கள் நாடகத்தில் விளக்கை அணைத்து அட்டை மரத்தை நகர்த்துவார்கள். இங்கே விளக்கு அணையவில்லை. முருகன் இடுப்பில் செருகியிருந்த இரண்டு வேப்பங்கொத்துகளை எடுத்து, கைகளை விரித்து, ஒற்றைக் காலில் நின்றார். அவ்வளவுதான் மரம். கட்டியங்காரன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "வேங்கை என்றார்கள், இலை வேம்பாக இருக்கிறதே. ஒட்டு மாஞ்செடி வைப்பது போல இதையும் ஒட்டு வைத்துவிட்டார்களா?" மரம் பேசக் கூடாது. ஒரு கொசு மரத்தின் மூக்கில் உட்கார்ந்தது. நிஜக் கொசுதான், வேலூர் மாவட்டக் கொசு. மரம் உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தது. கட்டியங்காரன், "காற்று இல்லாமலே இலை அசைகிறது மன்னா, பேய் பிடித்த மரம், வெட்டிவிடலாம்" என்றார். நம்பிராசன், "வெட்டினால் எவ்வளவுக்குப் போகும்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் ஏலம் கேட்கத் தொடங்கியது. நூறு, இருநூறு, ஐந்நூறு. ஐந்நூற்றொன்றுக்கு ஒருவர் எழுந்து வந்து நிஜமாகவே நோட்டை மரத்தின் கச்சத்தில் குத்திவிட்டுப் போனார். மரம் தலைகுனிந்து நன்றி சொன்னது. அந்த ஒற்றைக்கால் நிலையில் அந்த மனிதர் ஏழெட்டு நிமிடம் நின்றார். தொடை நடுங்குவது நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. வேப்பங்கொத்துகள் மட்டும் கடைசி வரை தாழவில்லை.

இரண்டு மணி வாக்கில், பாதி நிலா மேலே வந்திருந்த நேரம், வினை என்னைத் தேடி வந்தது. வள்ளியின் சொந்தக்காரர்களைத் தேடுவதாகக் கட்டியங்காரன் கூட்டத்துக்குள் இறங்கினார். ஆயாவிடம், "பக்கத்தில் யார், புது முகம்?" என்றார். "மதுரை" என்றார் ஆயா. "மதுரையில் எங்கே?" நான் உண்மையைச் சொன்னேன். திருப்பரங்குன்றம்.

ஒரு நொடி அமைதி. பிறகு கட்டியங்காரன் பந்தலின் நடுவுக்கு ஓடினார். "மோசம் போனோம் மன்னா! தெய்வானையைக் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது! மூத்தவள் வீட்டார் உளவு பார்க்கிறார்கள்!" முந்நூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என்னை எழுப்பி நிறுத்தினார்கள். இரண்டாம் கல்யாணத்துக்கு எங்கள் பக்கத்தில் ஆட்சேபம் உண்டா என்று மைக்கை நீட்டினார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முருகனே என் பக்கம் வந்து, கைகூப்பி, "மாமா, ஊரில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். மிருதங்கம் ஒரு தீர்மானம் வாசித்து என்னை உட்காரவைத்தது. அதற்கப்புறம் எனக்கு டீ, முறுக்கு, மறுபடி டீ. யாரும் காசு வாங்கவில்லை. சம்பந்தி வீட்டாரிடம் வாங்குவார்களா?

யானை நாலு மணிக்கு வந்தது. கிழவேஷ முருகனை வள்ளி விரட்ட, அவர் அண்ணனைக் கூப்பிட, விநாயகர் யானையாகி வந்து அவளைப் பயமுறுத்த வேண்டும். சாம்பல் நிறக் கம்பளிக்குள் இரண்டு பையன்கள், சைக்கிள் டியூபில் தும்பிக்கை. முன்னங்கால் பையன் நன்றாகவே ஆடினான். பின்னங்கால் பையனுக்குத் தூக்கம். யானை அடிக்கடி இரண்டாகப் பிரிந்தது. அப்போது பந்தலுக்கு வெளியே படுத்திருந்த செவலை நாய் ஒன்று கண் விழித்தது. அது அதுவரை யானையைப் பார்த்ததில்லை போலும். குரைத்துக்கொண்டு பாய்ந்து கம்பளியின் வாலைக் கவ்வியது. பயமுறுத்த வந்த யானை அலறிக்கொண்டு ஓடியது, முன்பாதி கிழக்கே, பின்பாதி வடக்கே. பந்தலில் வள்ளியும் கிழவரும் நாயும் மட்டும் மிஞ்சினார்கள். வள்ளியாக ஆடியவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "ஐயோ, நாய்!" என்று அலறிக் கிழவரைக் கட்டிக்கொண்டார். கதை நடந்துவிட்டது. கட்டியங்காரன் நாயைக் கும்பிட்டு, "விநாயகா, இது எந்த அவதாரம்?" என்றார். ஆயா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்து வள்ளி திருமணத்தில் பாட்டு இதைவிட மேல். அதில் சந்தேகமில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டில் ஓர் எழுத்தை உருவ முடியாது. ஆனால் அங்கே நான் பார்வையாளன். இங்கே பார்வையாளராக இருக்க யாரையும் விடவில்லை.

விடியும் நேரத்தில் கல்யாணம். மஞ்சள் கயிறு, மேளம், பெஞ்சின் மேல் ஒரு நோட்டு. மொய் எழுதினார்கள். ஆயா இருபது ரூபாய். நான் நூற்றொரு ரூபாய். ஒலிபெருக்கி முழங்கியது: "திருப்பரங்குன்றம், மூத்தவள் வீட்டார், நூற்றொன்று!"

மே 14, ஞாயிறு: மேல்பாடி, வேலூர்

ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வள்ளி முகத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்து அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது, இரண்டு நாள் தாடி எண்ணெய்க்குக் கீழே மெல்ல வெளியே வந்தது. தோல் தொழிற்சாலையில் வேலை, ஞாயிறு என்பதால் இன்று தப்பித்தாராம். குழுவின் வாத்தியாரிடம் பேசினேன். மிருதங்கக்காரர் திருவண்ணாமலை மாவட்டம், முகவீணை ராணிப்பேட்டை மாவட்டம், வள்ளி வேலூர் மாவட்டம். 1989-ல் வட ஆர்க்காட்டை இரண்டாக்கினார்கள், 2019-ல் வேலூரை மூன்றாக்கினார்கள், குழு மட்டும் பிரியவில்லை. "பாரதம் என்றால் அழ வருவார்கள். வள்ளி என்றால் சம்பந்தம் பேச வருவார்கள். எங்களுக்கு வள்ளிதான் கஷ்டம், அவர்கள் என்ன கேட்பார்கள் என்று தெரியாது" என்றார். ஓர் இரவுக்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய் நிற்பதே அரிது என்றும் சொன்னார். நாயைப் பற்றிக் கேட்டேன். நாய் இந்த ஊருடையது, அடுத்த கூத்துக்குக் கூட்டிப்போக முடியுமா என்று யோசிப்பதாகச் சொன்னார்.

நாளை வைகாசி ஒன்று, குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரில் பாதிப் பேர் அங்கே கிளம்பும் ஏற்பாட்டில் இருந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். உடம்பு மறுத்துவிட்டது.

வேலூர் பஸ் வர நேரமிருந்தது. ஷேர் ஆட்டோவில் மேல்பாடி போய், ராஜராஜ சோழன் தன் பாட்டனார் அரிஞ்சயனின் நினைவாக எடுத்த பள்ளிப்படைக் கோயிலைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லலாமா தெரியவில்லை. நிழலில் ஒரு தூணில் சாய்ந்தேன், காவலாளி எழுப்பும்போது பதினொன்றேகால். சோழர் கல் நல்ல குளிர்ச்சி. திரும்பும் ஆட்டோ பாதி வழியில் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். வெயிலில் புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம். கூட இருந்த பெண்மணி பையிலிருந்து கிளிமூக்கு மாங்காயை எடுத்துக் கல்லில் அடித்துப் பிளந்து, மிளகாய்த்தூள் உப்போடு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். என் துண்டை நீட்டும்போது முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "நீங்கள் மூத்தவள் வீட்டுக்காரர்தானே?" புகழ் மூன்று கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

விடுதியில் பக்கத்து அறைப் பெரியவர் கவலையாகத் தேடியிருக்கிறார், இரவு நான் வரவில்லை என்று. கூத்தை எப்படி விளக்குவது? சலங்கைக் கால், கிரீடம், திரைச்சீலை என்று கையைக் காலை ஆட்டிக் காட்டினேன். "ஜாத்ரா!" என்றார். அவர் ஊர்க் கூத்து. உடனே நிமிர்ந்து நின்று, கையை உயர்த்தி, ஏதோ ஒரு ராஜாவின் வசனத்தைத் தாழ்வாரம் அதிர முழங்கினார். உள்ளிருந்து அவர் மனைவி ஏதோ சொல்ல, ராஜா பம்மிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார். எனக்கு ஒரு தட்டில் மீன் வந்தது.

மாலை பஸ்ஸுக்கு முன் அரைக் கிலோ ஆற்காடு மக்கன் பேடா வாங்கினேன். வண்டி புறப்பட்டதும் வீட்டுக்குத் தொலைபேசினேன். என் மனைவி பிறந்தது வளர்ந்தது எல்லாம் திருப்பரங்குன்றம் சன்னதித் தெரு. வேங்கை மரம், கொசு, நாய் என்று சொல்லச் சொல்லச் சிரித்துக்கொண்டே கேட்டாள். மொய் எழுதியதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"எவ்வளவு எழுதினீர்கள்?"

"நூற்றொன்று."

"பங்குனியில் நம் ஊரில் தெய்வானை கல்யாணம் நடக்கிறது. மதுரையிலிருந்து மீனாட்சியும் சொக்கநாதரும் வந்து நடத்திவைக்கிறார்கள். அதற்கு இதுவரை பத்து ரூபாய் எழுதியிருக்கிறீர்களா? சக்களத்தி கல்யாணத்துக்கு நூற்றொன்றா?"

கண்ணமங்கலம் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. பேடாப் பெட்டியை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டேன், அதைத்தான் நம்பியிருக்கிறேன்.